கணிப்பொறித் தொழிலும் நம் பிள்ளைகளும்

வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, இரட்டைமலை சீனிவாசனாரைப் பற்றியோ எம்.சி. இராஜாவைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றே அவர் எதிர்பார்த்திருப்பார். அப்பெருமக்களைப் பற்றி நம் மேடைகளில் பலமுறை பேசியாயிற்று, இனியும் பேசுவோம். ஆனால் நம் வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நள்ளிரவில் அமெரிக்காவோடு பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை எழுதுவோர் இல்லை. எனவே, கணிப்பொறியைப் பற்றி யாதும் கற்றறியாத, வரலாறு மட்டுமே படித்த ஓர் ஆசிரியன் அதனை எழுதத் துணிகிறேன். (கணினி என்று இன்று சொல்கின்றனர். நான் படித்த காலத்தில் கணிப்பொறி என்றே வழங்கிற்று. அப்பழைய சொல்லையே பயன்படுத்துவதற்கு இளைஞர்கள் பொறுத்தருள்க.)

நம் சங்கம் தோன்றியது 2000-ஆம் ஆண்டில். அதே ஆண்டு ஜூலைத் திங்கள் 4-ஆம் நாள், சென்னைத் தரமணியில் டைடல் பூங்காவைப் பிரதமர் வாஜ்பாய் திறந்து வைத்தார். அன்று முதலமைச்சராக இருந்தவர் கலைஞர் மு. கருணாநிதி. நாம் ஒரு பெட்டிப் புத்தகங்களோடும் மாலை வகுப்போடும் தொடங்கினோம். அங்கே இலட்சக்கணக்கான சதுர அடியில் கண்ணாடிக் கட்டடம் எழுந்தது. இரண்டுக்கும் தொடர்பு ஏற்படுமென்று அன்று நம்மில் எவரும் எண்ணியிருக்கமாட்டோம். இன்றோ, மீஞ்சூர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், பொன்னேரிப் பகுதிகளிலிருந்து மென்பொருள் வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளைத் தெருவுக்குத் தெரு காணலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். ஆறாண்டுகளாகப் பெருநிறுவனம் ஒன்றில் மென்பொருள் பொறியாளர். நெடுநேரம் எதையெதையோ பேசியபின், விடைபெறும் வேளையில் அவர் சொன்னது: "அங்க யாரும் சாதி கேக்கறதில்ல சார். ஆனா யாராவது கேட்டுடுவாங்களோன்னு எனக்குத்தான் எப்பவும் ஒரு பயம். தப்பு என்கிட்டதான் இருக்குது போல." அவருக்கு அப்போது நான் தக்க விடை கூறவில்லை. பஸ் வந்துவிட்டது. கூறியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

அவருடைய அச்சத்தின் தொடக்கத்தைக் காண நூற்று முப்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் 1997-இல்தான் பிரிந்தது. அதற்கு முன்னர் நம் பொன்னேரி வட்டம் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. செங்கற்பட்டு என்றால் மிராசு. இச்சொல் அரபு மூலமுடையது. வழிவழியாகப் பிறப்பால் வரும் உரிமை என்பது பொருள். நன்செய், புன்செய் மட்டுமன்றித் தரிசும் மிராசுதாரின் பிடியில் இருந்தது. நம் பாட்டன் குடிசை போட்டிருந்த மனையும்கூட அவ்வாறே இருந்தது. 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில், நம் மக்கள் தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தால் மிராசுதார்கள் எவ்வாறு தடை செய்கின்றனர் என்பதையும், குடியிருக்கும் மனையைக் காட்டி அச்சுறுத்தியே அவர்களை எவ்வாறு அடக்கி வைத்துள்ளனர் என்பதையும் விரிவாக எழுதினார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது அந்த ஆணையின்படி தரப்பட்ட நிலத்தையே. பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் நம் இனத்தார்க்கே விற்க வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். அந்நிலத்தில் பெரும்பகுதி யார் கைக்குப் போயிற்று என்பதை இளைஞர்கள் தத்தம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டறியலாம். அதனை மீட்கக் கேட்டு 1994-இல் செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர்.

இதற்கும் கணிப்பொறிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. நம்மவர் ஒரு காணி தரிசுக்காக மனு எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மிராசு நிலமுடைய பிராமணக் குடும்பங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டும் விற்றும் நகரத்தை நோக்கிப் புறப்பட்டுவிட்டன. ஆங்கிலக் கல்வி, வழக்கறிஞர் தொழில், அரசு அலுவல், பின்னர் பொறியியல், அதன்பின் மென்பொருள் என்று அவர்கள் படிப்படியாக ஏறிய வரலாற்றைக் கிறிஸ்டபர் ஃபுல்லர், ஹரிப்பிரியா நரசிம்மன் என்ற இரண்டு மானிடவியலறிஞர்கள் ஆராய்ந்து எழுதியுள்ளனர். 2008-இல் வெளிவந்த அவர்களது கட்டுரையின் தலைப்பே, நிலக்கிழார் நிலையிலிருந்து மென்பொருள் பொறியாளர் நிலைக்கு என்ற பொருளுடையது. இதனைக் குறை கூறுவதற்காக நான் எழுதவில்லை. கல்வியைத் தேடிச் சென்றவர்களை ஆசிரியனாகிய நான் எப்படிக் குறை கூறுவேன்? காலக் கணக்கை மட்டும் பாருங்கள். சென்னை மென்பொருள் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குக் கொள்ளுப்பாட்டனார் பட்டதாரி. நம் பிள்ளை குடும்பத்திலேயே முதற் பட்டதாரி. இருவர் கையிலும் ஒரே வகைச் சான்றிதழ்தான். ஒருவருக்குப் பின்னால் நான்கு தலைமுறை நிற்கிறது. மற்றவருக்குப் பின்னால் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தக் கூலியாகச் சாம்பல் அள்ளிய தந்தை நிற்கிறார். இந்த நான்கு தலைமுறையைத்தான் அவ்வலுவலகங்களில் 'திறமை' என்று ஒற்றைச் சொல்லால் குறிக்கின்றனர். மிராசு வேறு உருவத்தில் வந்திருக்கிறது என்பது என் கருத்து. இதனை ஏற்காதவர்கள் நம் சங்கத்திலேயே உண்டு. அவர்களுடன் வாதிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இத்தொழில் நம் நாட்டில் பெருகிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய கணிப்பொறிகளில் இடத்தை மிச்சப்படுத்த ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதி வைத்திருந்தனர். 2000 பிறக்கும்போது '00' என்பதைப் பொறி 1900 என்று கருதிவிடுமே என்ற கவலை மேல்நாடுகளில் பரவிற்று. கோடிக்கணக்கான வரிகளைத் திருத்த ஆட்கள் தேவைப்பட்டனர். குறைந்த கூலிக்கு ஆங்கிலம் அறிந்த பொறியாளர்கள் இங்கே கிடைத்தனர். தமிழ்நாட்டரசு 1997-இலேயே இத்தொழிலுக்கெனக் கொள்கை வகுத்திருந்தது. பழைய மகாபலிபுரம் சாலை இருமருங்கும் அலுவலகங்களாயிற்று.

நம் பிள்ளைகள் அங்கே போய்ச் சேர்ந்த வழி வேறு. அவ்வழியில் இருந்த கதவுகள் ஒவ்வொன்றையும் அரசாங்கம் திறந்தது. திறக்கச் செய்தது மக்களின் கோரிக்கை. 1984 முதல் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகள் தோன்றின. அதே சமயம் நுழைவுத்தேர்வும் வந்தது. நகரத்தில் தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட இயன்றவர்க்கே அத்தேர்வு எளிது. நம் பள்ளியில் 12-ஆம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றும் நுழைவுத்தேர்வில் சறுக்கிய மாணவர்களை ஆண்டுதோறும் கண்டு மனம் நொந்திருக்கிறேன். 2006-இல் சட்டமியற்றி அத்தேர்வை நீக்கினர். 2010-இல் முதற் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. ஆதிதிராவிடர் மாணவர்க்கான கல்வி உதவித்தொகை முன்பே இருந்தது. 2011 செப்டம்பர் 15-இல் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே தொடங்கி வைக்கப்பட்டது. சிலர் அதனை விற்றுவிட்டனர் என்று ஏளனம் செய்தோர் உண்டு. என் மாணவருள் விற்றவரும் உண்டு. அதில் நிரல் எழுதக் கற்று வேலை பெற்றவரும் உண்டு. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. இவை இல்லையேல் நம் தெருவில் ஒரு பொறியாளரும் இல்லை.

கல்லூரி வாசல் வரை சட்டம் நம் பிள்ளையின் கையைப் பிடித்து வருகிறது. அலுவலக வாசலில் விட்டுவிடுகிறது. அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு அரசுப் பணிகளுக்கு மட்டுமே உரியது. தனியார் துறையிலும் இட ஒதுக்கீடு வேண்டுமென்ற பேச்சு 2004-இல் எழுந்தபோது, தொழிலதிபர் கூட்டமைப்புகள் 2006-இல் தாமே முன்வந்து நன்னெறிக் கோவை ஒன்றை வெளியிட்டு அப்பேச்சை அடக்கின. சட்டம் வரவில்லை.

அலுவலக வாசலில் நடப்பது என்ன? பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் ஆகிய மூன்றிலும் 60 விழுக்காடு வேண்டும், நிலுவைத் தாள் இருத்தலாகாது என்பது வளாகத் தேர்வுக்கு வரும் பல நிறுவனங்களின் விதி. கேட்பதற்கு நியாயமான விதிதான். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளை முதலாண்டில் ஆங்கிலப் பாடநூலைத் திறந்து திகைத்து இரண்டு தாள்களில் தவறுகிறது. மூன்றாமாண்டில் தேறி நிமிர்கிறது. அதற்குள் பட்டியலிலிருந்து பெயர் போய்விடுகிறது. அடுத்து, குழு விவாதம். ஆங்கிலத்தில் எவர் முதலில் வாய் திறக்கிறாரோ அவர் வென்றார். நம் பிள்ளைகள் கடைசியில் பேசுவர், அல்லது பேசார். இவ்வளவையும் தாண்டிப் பலர் உள்ளே சென்றிருக்கின்றனர் என்பதே வியப்பு. அதற்கு அத்தொழிலுக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும்: பெருநிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்துத் தாமே பயிற்சி தந்தபடியால், இயந்திரவியல் படித்தவனும் இயற்பியல் படித்தவளும்கூட உள்ளே நுழைய முடிந்தது. நம் பகுதியில் வேறு எந்தத் தொழிற்சாலையும் இத்தனை நம்மவரை நிரந்தர மேசையில் அமர்த்தியதில்லை.

பெயரைப் பார்த்தே விண்ணப்பத்தை ஒதுக்குகிறார்களா என்பதைச் சோதித்தறிந்தவர்கள் சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்போர். நாளிதழ்களில் வந்த 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினர். படிப்பும் தகுதியும் ஒத்தவை. பெயர் மட்டும் வேறு. 2007-இல் வெளியிட்ட முடிவு: உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 100 எனக் கொண்டால், தலித் பெயருக்கு அது 67, இசுலாமியப் பெயருக்கு 33. அதே ஆண்டில் சுரீந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் ஆகிய இருவர், பெருநிறுவனங்களில் ஆள் தேர்வு செய்யும் மேலாளர்களைக் கண்டு பேசி எழுதினர். சாதியை நாங்கள் பார்ப்பதேயில்லை, திறமையை மட்டுமே பார்க்கிறோம் என்ற அதே மேலாளர்கள், நேர்முகத்தில் 'குடும்பப் பின்னணி' கேட்பது இன்றியமையாதது என்றும் கூறியிருக்கின்றனர்.

தமிழ்நாட்டில் பெயரை வைத்துச் சாதி அறிய முடியாது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்ததன் நற்பயன் இது. நம் பழைய மாவட்டம் இதற்காகப் பெருமை கொள்ளலாம். ஆனால் பெயரில் கிடைக்காததை வேறிடத்தில் தேடுகின்றனர். என் மாணவர்கள் பல ஆண்டுகளாக என்னிடம் கூறியவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். முதல் நாள் கேள்வி: "நேட்டிவ் எது?" மீஞ்சூர் என்றால், "மீஞ்சூர்ல எங்க?" அடுத்து, "அப்பா என்ன பண்றார்?" அடுத்து, வீட்டுக் கோயில் எது. வெள்ளிக்கிழமை உணவு மேசையில் கருவாட்டுக் குழம்பைத் திறந்தால் மூக்கைச் சுளிப்போர். அலுவலகத்துக்கு அருகே வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், சைவமா என்பது முதல் கேள்வி. இவற்றில் எதுவும் குற்றமாகாது. எதனையும் மேலதிகாரியிடம் புகாராக எழுத முடியாது. ஆனால் நாளொன்றுக்கு நான்கு முறை கேட்கப்படுபவன், கேட்கப்படுமுன்பே விடையை ஒத்திகை பார்க்கத் தொடங்குகிறான். என்னைக் காண வந்த மாணவர் தம் குற்றம் என்று எண்ணியது இந்த ஒத்திகையைத்தான்.

முகவரி பற்றித் தனியே சொல்ல வேண்டும். நிலையான முகவரி என்ற கட்டத்தில் 'காலனி' என்று எழுதினால் மேற்கொண்டு கேள்வியே வேண்டியதில்லை. தெருப் பெயரை விட்டுவிட்டு 'பொன்னேரி வட்டம்' என்று மட்டும் எழுதியவர்களை நான் அறிவேன். குடியிருப்புகளைக் குறிக்கும் 'காலனி' என்ற அச்சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுவழக்கிலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29-ஆம் நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்கது. புதுப்பெயரையும் சில நாளில் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று என் மனைவி சொல்கிறாள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. என்னிடம் படித்த பெண்ணொருத்தி தரமணியில் வேலை செய்கிறாள். விடியுமுன் மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கிச் சாலையைக் கடந்து, பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்து, திருவான்மியூரில் இறங்குவாள். நாளொன்றுக்குப் பயணமே நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. "எங்கப்பாவ டேய்னு கூப்பிட்ட ஆளு, இப்ப வாங்கன்னு கூப்பிடறாரு சார்" என்று ஒருமுறை சொன்னாள். தம்பியின் படிப்பு, ஓட்டு வீட்டுக்கு மாற்றாகக் காரை வீடு, தாயின் கண் அறுவை எல்லாம் அவள் சம்பளத்தில் நடந்தவை. ஆனால் அவளே கூறிய மற்றொன்றை நான் மறக்க இயலாது. அலுவலகக் கழிப்பறையைத் துப்புரவு செய்யும் அம்மையாரோடு பேச்சுக் கொடுத்தாளாம். அவர் கண்ணகி நகரிலிருந்து வருபவர். சென்னைக் குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களை 2000-ஆம் ஆண்டு முதல் குடியேற்றிய இடம் அது, பெரும்பாலோர் நம்மவர். அக்கண்ணாடிக் கட்டடங்களுக்கு வேலிபோல் அடுத்தே இருக்கிறது. கட்டடத்தினுள் துடைப்பத்தோடு செல்லும் கூலியாட்களையும் காவலாட்களையும் ஒப்பந்தக்காரர்கள் அங்கிருந்தே அழைத்து வருகின்றனர். "நீ எந்த ஊரும்மா?" என்று அந்த அம்மையார் கேட்டாராம். அலுவலகத்தில் அக்கேள்வியை அச்சமின்றி எதிர்கொண்டது அன்று ஒருமுறைதான் என்றாள்.

இத்தொழிலில் வேலை நிலையானதும் அன்று. தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு மூன்று முதல் மூன்றரை இலட்சம் என்று பதினைந்தாண்டுகளுக்கு முன்னர் இருந்தது. பெருந்திரளாக ஆள் எடுக்கும் நிறுவனங்களில் இன்றும் ஏறத்தாழ அதுவே. விலைவாசி மட்டும் நிற்கவில்லை. வேலைத்திட்டம் கிடைக்காதவர் 'பெஞ்சில்' காத்திருக்க வேண்டும்; ஆண்டு மதிப்பீட்டில் இத்தனை பேர் கீழே இருந்தாக வேண்டும் என்று கணக்கு வைத்துப் பிரிப்பர். 2014 டிசம்பரில் பெரிய அளவில் ஆட்குறைப்புச் செய்தி எழுந்தபோது, சென்னையில் ஊழியர்கள் ஒன்று கூடினர். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. தகவல் தொழில்நுட்ப ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம், தொழிற்தகராறுச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று தமிழக அரசு 2016-இல் தெளிவுபடுத்திற்று. அவ்வூழியர் பலர் தம்மைத் தொழிலாளி என்று சொல்லிக்கொள்ளக் கூசுவதால் சங்கத்தில் சேரவில்லை. 1921-இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் நம் மக்கள் பட்ட பாட்டை அறிந்த நாம், சேருமுன் அச்சங்கத்தில் நமக்கு என்ன இடம் என்று கேட்டுக்கொள்ளவும் வேண்டும். கேட்டபின் சேரவும் வேண்டும். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் உலகெங்கும் தன் ஊழியருள் 2 விழுக்காட்டினரை, ஏறத்தாழ 12,000 பேரை, நீக்கப்போவதாக அறிவித்தது.

கடல் கடந்தால் இவையெல்லாம் தீரும் என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிபோர்னியா மாநில அரசுத் துறை 2020 ஜூன் 30-இல் வழக்குத் தொடுத்தது. ஐ.ஐ.டி.யில் ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்று ஒரு தலித் பொறியாளரைப் பற்றி இந்திய மேலாளரே பிறரிடம் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் அதனை மறுத்தது. இரு மேலாளர்கள் மீதான பகுதியை 2023-இல் அத்துறை திரும்பப் பெற்றது. அதே 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம், சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமாகத் தன்னை ஆக்கிக்கொண்டது. நம் தெருவில் மட்டும் இருந்த சொல்லுக்கு அங்கே சட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது. இந்தியத் தனியார் அலுவலகங்களுக்கு அத்தகைய சட்டம் இன்னும் இல்லை.

நம் மாவட்டத்துக்கு வருவோம். அத்திப்பட்டில் அனல்மின் நிலையம் 1990-களில் வந்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல். காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-இல். சாம்பலும் நிலக்கரித் தூளும் வடக்கே வந்தன. கண்ணாடிக் கட்டடங்கள் தெற்கே சென்றன. 2024 நவம்பர் 22-இல்தான் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்டு, அத்தொழில் நம் மாவட்டத்தினுள் பெரிய அளவில் கால் வைத்தது. மீஞ்சூரிலிருந்து அங்கே செல்ல நேர் ரயில் இல்லை. ஆயினும் தரமணியைவிட அருகே.

ஒரு வேண்டுகோள். டிரமென்ஹீர் எழுதி வைத்திராவிட்டால் நம் கொள்ளுப்பாட்டனாரின் மனு தள்ளுபடியானது எவருக்கும் தெரியாமற் போயிருக்கும். நம் சங்கப் படிப்பகத்தில், பாடநூல் அலமாரியின் மேல்தட்டில், நீலநிற அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை வைத்திருக்கிறேன். மென்பொருள் வேலைக்குச் சென்ற நம் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது அதில் எழுதுங்கள்: எந்த ஆண்டு சேர்ந்தீர்கள், எந்த உதவியால் படித்தீர்கள், முதல் நாள் என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள். பெயர் எழுத வேண்டியதில்லை. நிறுவனத்தின் பெயரும் வேண்டியதில்லை. இதுவரை எட்டுப் பேர் எழுதியிருக்கின்றனர். எட்டில் ஐந்து பேர் முதற் பக்கத்தில் எழுதியது "மீஞ்சூர்ல எங்க?" என்ற அக்கேள்வியையே.